கடலுக்குப் போகிறவளிடம் கேட்கக் கூடாத கேள்வி

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் நாங்கள் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போடக்கூட நிம்மதியாக வெளியே இறங்க முடியாது. கேட்டைத் திறந்த சத்தம் கேட்டதுமே எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ரோஸ்னா, ஈரத்துணியைக் கொடியில் விரித்தபடி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கேட்பார்: "பெர்கி மானா?" எங்கே போகிறாய் என்று அர்த்தம். கையில் குப்பை தொங்குவது அவருக்கும் தெரிகிறது. தெருமுனையில் தொட்டி இருப்பதும் தெரியும். இருந்தும் கேட்பார். அவரைத் தாண்டினால் மோட்டார் சைக்கிளில் போகும் ரொட்டிக்காரர் கேட்பார். கடையில் நம் தமிழ் ஆட்களும் விட்டுவைப்பதில்லை. "எங்க போறீங்க கா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக்கூடக் காதில் வாங்காமல் போய்க்கொண்டே இருப்பார்கள். இந்த ஊரில் அது கேள்வியே இல்லை, வணக்கம் சொல்வது மாதிரி என்று எனக்குப் புரியவே வெகுநாள் ஆயிற்று.

புரிந்த பிறகும் மனது கேட்கவில்லை. நான் பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் கடல்தான் தொழில். கடலுக்குப் புறப்பட்டவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். சிலுவை போடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இதைக் கற்றுக்கொள்வோம். வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் போகிறவன் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவான். சிலர் அன்றைக்குக் கிளம்பவே மாட்டார்கள். வலை வெறுமனே வந்தாலும் கிழிந்து வந்தாலும் பழி கேட்டவர் தலையில்தான் விழும். இந்த வளர்ப்போடு மலேசியாவில் வந்து இறங்கினால் என்ன ஆகும்? முதல் மாதங்களில் காக் ரோஸ்னா கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். என் கணவர் அருள் சோபாவில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். "ஒரு ரொட்டி வாங்க போறதுக்கு நாலு கிளாஸ் தண்ணி குடிக்கிற ஆளு இந்த கெடாவுலயே நீ ஒருத்திதான் லா!"

அருள் குருணுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரத்தையும், பிறகு அதை வெட்டிவிட்டு எண்ணெய்க்காக நட்ட செம்பனையையும் பார்த்து வளர்ந்தவர். இப்போது குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கடல் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அவர்கள் குடும்பத்தில் யாரும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லையாம். அப்படிப்பட்டவருக்கு வேலையிடத்துக் கூட்டாளிகளால் தூண்டில் பைத்தியம் பிடித்தது. காரை வெயிலில் நிறுத்திவிட்டு, கார் நிற்க வேண்டிய இடத்தில் தூண்டில் தடிகளை வரிசையாகச் சாத்தி வைத்தார். மீன் பிடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாத மனிதர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஆசைக்குக் கடலுக்குப் போவதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொண்டு அதைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டும் வருவார்கள். என் அண்ணனிடம் சொன்னபோது, "விட்டுருதானுவளா? அப்பம் என்னத்துக்குப் புடிக்கானுவ?" என்றார். 

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ஊரில் நான் வலையிலிருந்து மீன் கழித்திருக்கிறேன், ஏலத்தில் ஆண்களோடு தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன், கருவாட்டுக்கு உப்பு ஏற்றியிருக்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்த்தால் மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் கடல் இடுப்போடு முடிந்தது. எங்கள் பக்கம் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. கரையில் கிடக்கும் வலையைத் தாண்டினாலே சத்தம் போடுவார்கள். இங்கே ரப்பர் மரம் பார்த்து வளர்ந்தவர் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகிறார், போய்ப் பாதி நேரம் வாந்தி எடுத்துவிட்டு வருகிறார். கடல் பார்த்து வளர்ந்த நான் அவருக்கு தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் கட்டிக் கொடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். ஒருநாள் பொட்டலத்தை அவர் கையில் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன், அடுத்த தடவை நானும் வருவேன் என்று. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கப் போவதில்லை.

வேண்டாம் என்று சொன்னவர் என் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தவறாமல் போன் போடுவார். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அந்தப் போன்தான். விஷயத்தைச் சொன்னதும், "ஏளா, நம்ம குடும்பத்துல பொம்பள வள்ளத்துல கால் வச்சதுண்டா? நாளைக்கி எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்றார்.

"நான் ஒங்க வள்ளத்துல ஏறலியே அண்ணே. இந்தக் கடலு எங்க, நம்ம கடலு எங்க?"

"கடலு ஒண்ணுதாம்ளா. நீ ஏறுனா எங்கிட்டப் பேசாத."

போனை வைத்துவிட்டார். நான் அன்று சமைக்கவில்லை. ஆனால் மனதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

இங்கே கடல் மேற்கில் இருக்கிறது. எங்கள் ஊரில் கடலிலிருந்து எழும் சூரியன் இங்கே கடலுக்குள் இறங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். பருவங்களும் எனக்குப் புதிது. ஆண்டின் நடுவில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்று அடிக்கும். விடியற்காலையில் வானம் கறுத்து, கொஞ்ச நேரத்தில் கடலைப் புரட்டிப் போட்டுவிடும். அப்போது புத்தியுள்ளவர்கள் வெளிக்கடலுக்குப் போவதில்லை. மெர்போக் ஆற்று முகத்துவாரத்திலும் அலையாத்திக் கால்வாய்களிலும் உயிர் இறாலைத் தூண்டிலில் கோத்துக் கொடுவாய் மீனுக்குக் காத்திருப்பார்கள். இங்கே அதற்கு சியாக்காப் என்று பெயர். ஆண்டு முடியும்போது மலேசியாவின் கிழக்குக்கரை மழையில் மூழ்கிக் கிடக்கும். இந்தப் பக்கத்துக் கடலோ அடங்கி எண்ணெய் மாதிரி கிடக்கும். அதுதான் வெளித்தீவுகளுக்குப் போகிற காலம், சீலா மீனுக்கு உரிய காலம்.

முதல் தடவை நான் கிளம்பியது ஆற்று முகத்துவாரத்துக்குத்தான். தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் பாக் டின் காத்திருந்தார். அருளும் கூட்டாளிகளும் வழக்கமாக ஏறும் படகு அவருடையது. ஒல்லியான, அதிகம் பேசாத மலாய்க்காரர். பலகையில் கால் வைக்கப் போனேன். துறையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அம்மாள் கையை ஆட்டி, நல்ல மனதோடு, சத்தமாகக் கேட்டார்: "பெர்கி மானா, காக்?"

என் கால் அப்படியே நின்றுவிட்டது. குப்பை கொட்டப் போகும்போது கேட்பது வேறு, கடலுக்குப் போகும்போது கேட்பது வேறு. அண்ணனே அந்த அம்மாள் வாயில் புகுந்து என்னைத் தடுக்கிறார் என்று தோன்றியது. திரும்பி நடந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். அருள் ஓடி வந்தார். "என்னா லா இது? இவ்ளோ தூரம் வந்துட்டு! பாக் டின் என்னா நெனைப்பாரு?"

பாக் டின் என்ன நினைத்தார் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. தன் படகு நாறுகிறது என்று நான் முகம் சுளித்துப் போய்விட்டதாக நினைத்திருக்கிறார். பெண்பிள்ளை வருகிறாள் என்று முந்தின நாள் சாயங்காலம் முழுதும் சோப்புப் போட்டுப் படகைக் கழுவியிருக்கிறார் அந்த மனிதர். கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த விடுமுறையன்று அருளை இழுத்துக்கொண்டு நேரே துறைக்குப் போனேன். என் அரைகுறை மலாயிலும் அருளின் மொழிபெயர்ப்பிலுமாக எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அருளைக் காட்டி, "இவர் படகில் சீட்டி அடிக்கிறார். எத்தனை தடவை சொல்லிவிட்டேன், கடலில் சீட்டி அடித்தால் காற்று வரும் என்று. கேட்கவே மாட்டேன் என்கிறார்" என்று மலாயில் முறையிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே, என் மாதிரி ஓர் ஆள் இந்தக் கரையிலும் இருக்கிறார் என்று நிம்மதியாகவும் இருந்தது.

நீ வருகிற அன்று யாரும் கேட்கக் கூடாது என்று துறையில் எல்லோரிடமும் சொல்லிவைக்கிறேன் என்றார் பாக் டின். நான் யோசித்துப் பார்த்தேன். ஊரே வாயை மூடிக்கொண்டு நின்றால்தான் படகேறுவேன் என்றால் அதற்குப் பெயர் கடலுக்குப் போவதா? "பியார்லா டியா தாஞ்யா" என்றேன். கேட்கட்டும் என்று அர்த்தம். நான் மலாயில் தப்பில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அண்ணனுக்குப் போன் போட்டேன். திரும்பி வந்த கதையை ஒளிக்காமல் சொன்னேன். அவர் குரலில் சந்தோஷம் ஏறும்போதே, "கடலு அடங்குனதும் மறுபடி போவேன் அண்ணே. இந்த மட்டம் திரும்ப மாட்டேன்" என்றும் சொன்னேன். அதன்பிறகு போன் வருவது நின்றது. நான் போட்டாலும் மதினிதான் எடுப்பாள். அண்ணன் கடற்கரையில் நிற்கிறார், கோயிலில் நிற்கிறார், தூங்குகிறார் என்று அவளும் எத்தனை பொய்தான் சொல்வாள், பாவம். ஞாயிறு பூசை முடிந்து சுங்கைப் பட்டாணியில் கோயில் வாசலில் எல்லோரும் பேசிக்கொண்டு நிற்கும்போது என் கை தானாகப் போனைத் தடவும். போகாமல் இருந்துவிட்டால் அண்ணன் திரும்பக் கிடைப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நாளைத் தள்ளிப்போடவில்லை. எனக்கு அண்ணனும் வேண்டும், கடலும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க நான் என்ன சந்தையிலா நிற்கிறேன்?

கடல் அடங்கியது. விடிகிற நேரத்தில் துறைக்குப் போனோம். தேநீர்க்கடை அம்மாள் கையை ஆட்டினார். "பெர்கி மானா, காக்?"  நான் பலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, திரும்பி, துறை முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னேன்: "லாவுட்!" கடலுக்கு. அவர், "பாய்க்-பாய்க்" என்று பத்திரம் சொல்லிவிட்டுத் தேநீரை ஆற்றப் போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை. மற்றக் காலையும் எடுத்து உள்ளே வைத்தேன்.

பாக் டின் எஞ்சினைப் போட்டதும் என் போன் அடித்தது. அண்ணன். அங்கே இன்னும் விடிந்திருக்காது. அருள் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது, பயத்தில் முந்தின நாள் இவர்தான் அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். எடுத்தேன். எஞ்சின் சத்தமும் கடற்காக்கைகளின் சத்தமும் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். வசவுக்குத் தயாராக நின்றேன்.

"அங்க காத்து எப்படி?" என்றார்.

"அடங்கிக் கெடக்கு அண்ணே."

"இங்க வாடக் காத்து. வள்ளமெல்லாம் கரையில." பிறகு, "தலய சுத்துனா தண்ணியப் பாக்காத. தூரத்துல கரையப் பாரு. சரி, வைக்கேன்."

அவ்வளவுதான். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், யாரோடு, எதையும் கேட்கவில்லை. கடலுக்குப் புறப்பட்டவர்களிடம் எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். என்னிடம் யாரும் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பூலாவ் பீடான் தீவுக்கு அப்பால் நிறுத்தினோம். ஜெராய் மலையின் தோளும் தீவின் நுனியும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில் பாக் டின் எஞ்சினை அணைத்தார். அண்ணன் கோயில் கோபுரத்தை வைத்து இடம் பார்க்கிற அதே கணக்கு. மீன் தங்குவதற்காகத் தென்னோலைகளைக் கல்லில் கட்டி அங்கே இறக்கியிருந்தார்கள். அருளின் தூண்டில் தடி எனக்கு ஒத்துவரவில்லை. பாக் டின் கைக்கயிறு கொடுத்தார், சீலாவின் பல்லுக்கு நைலான் நிற்காது என்பதால் நுனியில் கம்பி கட்டியது. உயிர்மீனைக் கோத்து இறக்கினேன். அருள் ஒரு பக்கம் குனிந்து நாசி லெமாக்கைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணன் சொன்னபடி கரையைப் பார்த்தேன், எனக்குத் தலை சுற்றவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் கயிறு வெட்டி இழுத்தது. விட்டுக் கொடுத்து, இழுத்து, விட்டுக் கொடுத்து, உள்ளங்கை எரிய எரிய ஏற்றினேன். என் கை நீளத்துக்கு ஒரு சீலா. அருள் இப்போது பாக்கார் ஆராங் முழுக்க அதைத் தன் கை நீளம் என்று சொல்லித் திரிகிறார். தான் பிடித்தது என்று சொல்லாதவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் வரவில்லை. மறுநாள் காலையில் நான் வாசல் கூட்டும்போது வந்தது. "வாடக் காத்து கொஞ்சம் தணிஞ்சிருக்கு" என்றார் அண்ணன். பின்னால் வள்ளம் தள்ளுகிற ஆட்களின் சத்தம், மணலில் அது உரசுகிற சத்தம். "சீலா எந்த இரைக்கு எடுத்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். ம்ம் என்று கேட்டுக்கொண்டார். "சரி, வள்ளத்துக்கு ஆள் காத்து நிக்கி" என்றார்.

எங்கண்ணே போறிய என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்களோடு பழகிப் பழகி அந்தக் கேள்வி எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல்லைக் கடித்து விழுங்கினேன். "சரி அண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் போனை வைத்தார்.

எதிரே கேட் திறக்கும் சத்தம். காக் ரோஸ்னா கூடையோடு சந்தைக்குக் கிளம்பி நின்றார். விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு, அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்:

"பெர்கி மானா, காக்?"