தண்ணீரில் தோய்த்த அரக்குப் பட்டு

பூந்தமல்லி பேருந்து நிலையத்தின் பின்பக்கத் தெருவில் என் சித்தப்பா சலவைக்கடை வைத்திருந்தார். பலகையில் ‘பட்டுக்கு பெட்ரோல் வாஷ்’ என்று எழுதியிருக்கும். ஜன்னலில்லாத உள்ளறையில் ஒரு தகரத் தொட்டி. அதில் பெட்ரோலை ஊற்றி அவரும் சித்தியும் புடவைகளை அலசுவார்கள். அவ்வப்போது சித்தப்பா தலை சுற்றி வெளியே வந்து உட்காருவார். வெயில் என்பார், மழைக்காலத்திலும்.

நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் சேக்காட்டிலிருந்து அங்கே போனபோது தொட்டி காலியாகக் கிடந்தது. சித்தி பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரைத்த அந்தத் தண்ணீரில் பட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். பலகை மட்டும் மாறவில்லை. எனக்கு இது பெரிய மோசடியாகப் பட்டது. உண்மை பேசுவதைப் பற்றிக் கட்டுரை எழுதி அந்த வருடம்தான் பள்ளியில் பரிசு வாங்கியிருந்தேன்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு உடுத்த வேண்டிய அரக்குப் பட்டை வாங்கிப்போக ஒரு டீச்சரம்மா வந்தார். யாரும் கேட்காமலே நான் சொல்லிவிட்டேன், அதைத் தண்ணீரில் போட்டார்கள் என்று.

டீச்சரம்மாவின் முகம் மாறியது. புடவையை மேசைமேல் விரித்து ஜரிகையை விரலால் நீவினார். முந்தானையில் சாயம் இறங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சித்தப்பா ஏதோ சொல்லி மழுப்பப் பார்க்க, சித்திதான் முன்னால் வந்தாள்.

“தண்ணிலதான் தோச்சேன் டீச்சர். மொதல்ல என் கண்ணாலப் பொடவைய தோச்சுப் பாத்துகினுதான் உங்களுத தொட்டேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கணும் இல்லம்மா? பெட்ரோல ஏன் விட்டீங்க?”

சித்தி என்னைப் பார்த்தாள். டீச்சர் குடிக்கப் பக்கத்துக் கடையில் கலர் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். நான் திரும்பியபோது டீச்சரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். புடவை மடித்துப் பைக்குள் போயிருந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பட்டு அனுப்பி, தண்ணீரிலேயே தோய்க்கச் சொல்லிவிட்டார். சித்தப்பா பலகையில் ‘பெட்ரோல்’ என்பதை மட்டும் பெயின்ட் அடித்து மறைத்தார்.

என்னை யாரும் திட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும், உண்மை ஜெயித்துவிட்டதாக அம்மாவிடம் பெருமையடித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

சித்திக்கு அதற்குமுன் இரண்டு முறை கரு கலைந்திருந்ததும், பெட்ரோல் நெடியில் நிற்காதே என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லி அனுப்பியதும் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். அந்த விடுமுறையில் அவளுக்கு மூன்றாவது மாதம். கொல்லைப்பக்கம் போய்ப் போய் வாந்தி எடுத்தவளைப் பார்த்து, பாவம், சித்திக்குப் பூந்திக்கொட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.