பால்குடமும் கஸ்தூரியின் தொட்டியும்

மலேசியாவில் பொந்தியான் பக்கம், ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சின்னத் தாமான் குடியிருப்பு. நானூறு வீடு, ஒரு முருகன் கோவில், ஒரு படகுத்துறை, கடைக்கோடியில் வேலி போட்ட கழிவுநீர் நிலையம். அந்த நிலையத்தைப் பதினொரு வருஷமாகக் கவனித்துக்கொள்கிறவள் கஸ்தூரி. வேலியைத் தாண்டும்போது ஊரே மூக்கைப் பொத்தும். "அனுப்புறதெல்லாம் நீங்க, நாத்தம் மட்டும் என்னுதா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

உள்ளபடியே அங்கே வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். தொட்டிக்குள் காற்றை ஊதிவிட்டால் போதும், அழுக்கைத் தின்று தீர்த்துவிடும். தெளிந்த தண்ணீர் ஆற்றில் இறங்கும். அந்த ஆற்று முகத்தில்தான் பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து ஆட்கள் சிப்பி பொறுக்குகிறார்கள்.

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் தொட்டி முழுக்க வெள்ளை நுரை. நாற்றம் படகுத்துறைவரை போனது. கலங்கல் தண்ணீர் ஆற்றில் இறங்க, சிப்பி பொறுக்குகிறவர்கள் வேலி வாசலில் வந்து நின்றார்கள். மேற்பார்வையாளர் ரயன், கூலாய் டவுனிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்கள வேற இடத்துக்கு மாத்திடுவாங்க அக்கா," என்றார். அந்தத் தொட்டியை விட்டுப் போகக் கஸ்தூரிக்கு மனசு வருமா?

காரணம் தேடி ஒவ்வொரு மேன்ஹோலாகத் திறந்துகொண்டு போனவள் கோவில் மதிலடியில் வந்து நின்றாள். உள்ளே பால் வாடை. இருநூற்றுப் பத்துக் குடம் அபிஷேகப் பால், ஒரே காலையில் இறங்கியிருக்கிறது. முன்பெல்லாம் அது மழைக்கால்வாயில் தேங்கிப் புளித்து ஈ மொய்க்கும். அந்த வருஷம் அதைக் கழிவுநீர்க் குழாயோடு சேர்க்கச் சொன்ன புத்திசாலி யார்? சாட்சாத் கஸ்தூரியேதான். போதாததற்கு, அந்த இருநூற்றுப் பத்தில் ஒரு குடம் அவளுடையது. வெட்கத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்பே கோவில் தலைவர் ஹேமநாதனைப் போய்ப் பார்த்தாள்.

"பாலக் குறைக்கச் சொல்றியா தங்கச்சி? நேர்த்திக்கடன் லா அது," என்றார் அவர்.

"ஒரு குடம்கூடக் குறைக்க வேணாம் அண்ணே. மொத்தமா விட்டாத்தான் கிருமிங்களுக்கு மூச்சு முட்டுது. டிரம்ல பிடிச்சு வைங்க. ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா நான் விட்டுக்கிறேன்."

"கோவில்ல ஒரு வாரம் புளிச்ச பாலா? அலமாக், ஐயையோ."

"மூடி போட்டுப் பின்பக்கம் வைக்கிறேன். நாத்தம் வந்தா என்னத் திட்டுங்க."

"திட்டத்தான் போறேன்," என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

உத்திரத்தன்று கஸ்தூரி பால்குடம் எடுத்தாள். குடத்தை இறக்கிய கையோடு, மஞ்சள் சேலையை இழுத்துச் செருகி, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று நீல டிரம் நிரம்பியது. பால் நூலாகக் கழிவுநீர்க் குழாயில் இறங்கும்படி டிரம் குழாயைத் திறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் தொட்டி ஓரத்தில் லேசாக நுரை தட்டியது. அவளுக்கு உயிரே போய்விட்டது. குழாயை மூடினாள், காற்றைக் கூட்டினாள், அரை நாள் தொட்டிப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். நுரை அடங்கியது. மறுபடி பாதியளவு திறந்தாள். இதற்கிடையில் ஹேமநாதன் சொன்னபடியே தினமும் திட்டினார். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

எட்டாம் நாள் டிரம்கள் காலி. ரயன் வந்து ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்துச் சோதிக்க எடுத்துப் போனார். பரிசோதனையில் எல்லாம் சரி. இடமாற்றப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

போன வாரம் ஹேமநாதன் நிலையத்து வாசலில் வந்து நின்றார். மூக்கைப் பொத்தவில்லை. அடுத்த வருஷம் முந்நூறு குடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களாம்.

"உன் தொட்டி தாங்குமான்னு பார்த்துச் சொல்லும்மா," என்றார். "அதுக்கப்புறம்தான் நோட்டீஸ் அடிக்கணும்."