தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய பூனை

எங்கள் மஞ்சள் பூனைக்குப் பெயர் கிடையாது. ‘டேய்’ என்றால் வரும். ராயபுரத்தில் தெருவில் நின்று ‘டேய்’ என்று கத்திப் பூனை தேடுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அது முதல் தடவை காணாமல் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆட்டோக்காரர் திரும்பினார். கேரம் ஆடிக்கொண்டிருந்த நான்கு பேரும் திரும்பினார்கள். “யார பாத்து டேய்ன்ற?” என்று ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டினார். பூனை மட்டும் வரவில்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி ஒரு மஞ்சள் பூனையைத் தூக்கி வந்து, பால் ஊற்றி, இரண்டு நாள் மடியிலேயே வைத்துக் கொஞ்சினாள். மூன்றாம் நாள் எங்கள் பூனை மதில்மேல் வந்து உட்கார்ந்து அந்த இரண்டு பேரையும் பார்த்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பூனைக்குப் பஞ்சமில்லை, அதில் பாதி மஞ்சள். இதற்கு ஏதாவது அடையாளம் வைத்தே ஆக வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்குப் பூனைமேல் அப்படியொன்றும் பாசம் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் வைக்கலாம், அதைப் படிக்க ஒரு கருவி வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர்.

“அந்த மிசினு நம்ம தெருவுல யார்கிட்ட கீது? கறிக்கடை தராசுல வெச்சா காட்டுமா?” என்றாள் மனைவி.

கியூஆர் அட்டை மாட்டலாம் என்றேன்.

“டீக்கடைல மாட்டிக்கிறானே, அதுவா? பூனைக்கு பத்து ரூபா அனுப்பிட்டு பூடுவானுங்க.”

கடைசியில் கழுத்துப் பட்டையில் போன் நம்பர் என்று முடிவானது. அங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், வாசலில் நின்று கன்டெய்னர் எண்களைக் குறித்துக்கொள்வது என் வேலை. எண் என்றால் இருபது அடி தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் அது எண்ணே இல்லை. லாரியில் சரக்குக் கட்டும் ஆரஞ்சு நிறப் பட்டையில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒட்டிப் பிரிக்கிற மாதிரி செய்து, கறுப்பு மார்க்கரில் என் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அதைப் போட்டதும் பூனை கழுத்து சுளுக்கிக்கொண்ட ஆள் மாதிரி நடந்தது.

மறுநாளே போன் வந்தது. பூனை கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

“இன்னா நைனா, பூனை உன்துதான?” கருவாடு காயப்போடுகிற ஒரு அம்மா. “என் நெத்திலிய வாரிகினு ஓடுது. எதிர் மாடிலேருந்தே நம்பர படிச்சுட்டேன். சோக்கா எழுதிக்கிற!”

அதுவரை ஊரில் மீன் திருடிய அத்தனை மஞ்சள் பூனைகளுக்கும் முகவரி இல்லாமல் இருந்தது. இப்போது ஒன்றுக்கு இருந்தது. இறால்காரர் கூப்பிட்டார், பிரியாணிக்கடைக்காரர் கூப்பிட்டார், கருவாட்டம்மா தினமும் கூப்பிட்டார். ஒருநாள் யார்டில் மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நிற்க, அந்த அம்மா போனில் சொல்லச் சொல்ல, கன்டெய்னர் எண் எழுத வேண்டிய கட்டத்தில் ‘நெத்திலி அரைக் கிலோ’ என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அம்மாவிடம், “அது என் பூனையே இல்லம்மா, ராங் நம்பர்” என்று சொல்லி போனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மனைவி குளிக்கப் போன நேரத்தில் பட்டையைக் கழற்றி என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியும்போதே பூனை காணாமல் போயிருந்தது.

நான் எதிர்பார்க்காதது, அவள் கவலைப்படாமல் இருந்ததுதான். “பட்டைல நம்பர் கீதே, எவனாச்சும் போன் பண்ணுவான்” என்று என் போனுக்குச் சார்ஜ் ஏற்றி, நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கையிலேயே வைத்துக்கொண்டாள். கடன் தருகிறோம் என்று கூப்பிட்ட பெண்ணிடம்கூட “மஞ்ச பூனையா?” என்று கேட்டாள். நான்கு நாள் போனது. வியாழக்கிழமை அவள் சாப்பிடவில்லை. சாப்பாட்டுப் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அசிங்கமாக இருந்தது. பூனை லாரிக்கடியில் எங்காவது போயிருக்குமோ என்று பயமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை யார்டிலிருந்து கருவாட்டம்மாவை நானே கூப்பிட்டேன்.

“மஞ்ச பூனை ஒண்ணு என் கொட்டாய்ல நாலு நாளா துன்னுகினு சாக்குமேல குந்திகினு கீது” என்றார். “ஆனா கயுத்துல பட்டை இல்ல. யாருக்குனு போன் பண்றது? உனக்கு பண்ணலாம்னா, நீதான் உன் பூனை இல்லன்னியே.”

அரைநாள் விடுப்பு எடுத்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். கொட்டாயில் சாக்கு மூட்டையின்மேல், முன்பைவிட இரண்டு மடங்கு பருமனாக, எங்கள் பூனை படுத்திருந்தது. அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றார்.

“மொதல்ல சொல்லு. யார் பூனை இது?”

மனைவி பூனையின் வெறும் கழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டு ஆரஞ்சுப் பட்டையை வெளியே எடுத்தேன். அதில் தயிர்சாதம் ஒட்டியிருந்தது.

“என்துதாம்மா,” என்றேன். “என் பூனைதான்.”

மனைவி பட்டையை வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்து, பூனையின் கழுத்தில் மாட்டினாள். “டேய், வாடா வூட்டுக்கு” என்றாள்.

பூனை என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, கருவாட்டம்மாவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.