கௌசல்யா எழுந்து நின்ற இடம்

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஆரியசாலையில் ஒரு மொத்த அரிசிக் கடையில் எடை போடுகிற உச்சிமாகாளியை யாராவது நடிகர் என்று சொன்னால் தெருவே சிரிக்கும். பக்கத்துக் கடையில் மைக்செட் வாடகைக்கு விடும் நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். தொண்ணூறுகள் முழுக்கத் திருவிழா மேடைகளில் அவருக்கு ஒரே வேஷம்தான், அறை வாங்குகிற பாண்டி. தமிழனை மலையாளி கேலியாகச் சொல்கிற பேர் அது. கதாநாயகன் பளார் என்று விடுவான். இவர் சுருண்டு விழுவார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

வேறு வேஷம் எவனும் தரவில்லை. கடைசியில் மனிதர் தனக்குத் தானே ஒன்று கொடுத்துக்கொண்டார். தன் வாழ்க்கைக் கதையைத் தனி ஆளாக நடித்துக் காட்டுவது. இரண்டாயிரத்தில் எங்கள் பகுதி வாசகசாலையின் செயலாளர் நீலகண்டன் மனமிரங்கி மேடை கொடுத்தார்.

"நல்லா வந்தா ஓணத்துக்குப் பெரிய ஸ்டேஜ். இல்லேன்னா பழைய அடிதான் அண்ணாச்சி, கேட்டோ" என்று கண்டிப்பாகச் சொல்லியும் விட்டார்.

பெண் பார்த்த கட்டம் வரை ஒழுங்காகத்தான் போயிற்று. "பஜ்ஜியில ஒரே உப்பு. தலைவிதியேன்னு தின்னேன்" என்று முகத்தைச் சுளித்துக் காட்டினார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவர் மனைவி கௌசல்யா. அந்த வீட்டில் ஒருவர் கதை சொன்னால் மற்றவர் திருத்தாமல் விடுவதில்லை. மேடை என்றால் மட்டும் அவள் வாய் சும்மா இருக்குமா?

"உப்பா இருந்துதா? பின்னே ரெண்டாந்தட்டு கேட்டு வாங்குனது ஆரு?"

போச்சுடா என்று எனக்கு வியர்த்துவிட்டது. உச்சிமாகாளியும் திருதிருவென்று விழித்தார்.

"உங்க அப்பா மொறச்சாரு. பயத்துல கேட்டுட்டேன்."

"எங்க அப்பா அன்னைக்கு ஊர்லயே இல்ல!"

கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. முடிந்ததும் நீலகண்டன் ஓடி வந்தார். "சேச்சியக் கூட்டத்துல உக்கார வச்சு நடிக்க வச்சது உக்ரன் ஐடியா, பிரமாதம்! ஓணத்துக்கும் அவங்க வரணும்."

கௌசல்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ளதச் சொன்னா நடிப்பாமே! இனி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

அவள் இல்லாவிட்டால் மேடை இல்லை. உச்சிமாகாளி வாரக்கணக்கில் கெஞ்சினார். அவள் மசியவில்லை. ஓணத்து மேடையன்று காலை, சட்டைப் பொத்தானைப் போட்டபடி மெதுவாகச் சொன்னார்.

"நீ வர வேண்டாம் கௌசல்யா. கல்யாணமான புதுசுல நீ தினமும் மூக்க உறிஞ்சி அழுதியே, இன்னைக்கு அதத்தான் சொல்லப் போறேன்."

சாயங்காலம் அரங்கில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் அவள்தான். எனக்கு ஒரே குஷி.

அந்த இடமும் வந்தது.

"நானா அழுதேன்?" எழுந்துவிட்டாள். "மொத மொதல்ல அறை வாங்கிட்டு வந்த அன்னைக்கு, கன்னத்துல கைய வச்சிட்டு அழுதது ஆரு? போட்ட சோத்தத் திங்காம, 'ஒரு நாளாவது மேடையில நான் நானா நிக்கணும் கௌசல்யா'ன்னு சொன்னது ஆரு? அதச் சொல்லுங்களேன்!"

அதை அவர் கதையில் சேர்த்ததே இல்லை. எங்கள் யாரிடமும் மூச்சு விட்டதும் இல்லை. மேடையில் உச்சிமாகாளியின் கை தன்னால் கன்னத்துக்குப் போயிற்று. பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "ஆமா, நாந்தான் அழுதேன்" என்றார்.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அதுவரை கௌசல்யா உட்காரவில்லை.

"சரி, இனி மேல சொல்லுங்க" என்றாள்.