டேங்கில் கிடந்த மண்

டீசல் வண்டிக்காரர்கள் என் பட்டறைக்கு வந்ததும் நோயைச் சொல்ல மாட்டார்கள், மருந்தைத்தான் சொல்வார்கள். "இன்ஜெக்டர் போயிட்டு அண்ணாச்சி, மாத்திருங்க" என்பார்கள். யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் மோசம். எத்தனையாவது இன்ஜெக்டர் என்பது வரைக்கும் தீர்ப்பெழுதிக்கொண்டு வருவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவ்வளவும் தெரிந்தவர் என்னிடம் எதற்கு வந்தீர் என்று ஒரு காலத்தில் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். இப்போது வயதாகிவிட்டது, கேட்பதில்லை. பானட்டைத் திறந்து, பேசாமல் இன்ஜினின் பக்கத்தில் காதைக் கொண்டுபோவேன். பின்தெருவில் எந்நேரமும் தறி ஓடும். அந்தச் சத்தத்திலிருந்து இன்ஜினின் தட்டலைப் பிரித்துக் கேட்க என் காது பழகியிருக்கிறது.

அந்தப் பிக்கப் வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஓட்டி வந்தவன் குருவிகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்துக்காரன், முப்பதைத் தாண்டியவன். புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற பிழைப்பு. பக்கத்து சீட்டிலிருந்து அவன் அம்மா இறங்கினார். கோவிலுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார்.

அவன் மருந்தைச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

"ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி. நேத்து மலை வளைவுல லோடோட நின்னுட்டு. பின்னால ஒரு பஸ்ஸு. வண்டி பின்னால உருளப் பாக்கு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அந்த நேரம் எம்பிள்ள மொகந்தான் கண்ணுல வந்துச்சு."

ஸ்டார்ட் போடச் சொன்னேன். வெகுநேரம் சுற்றிவிட்டுத்தான் பிடித்தது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு. நின்ற இடத்திலேயே இன்ஜின் நடுங்கியது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல இன்ஜெக்டரின் ஒயரைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறும். கெட்டுப்போனதன் ஒயரைக் கழற்றினால் ஒன்றும் ஆகாது. வேலையே பார்க்காதவன் லீவு போட்டால் ஆபீசுக்கு என்ன நஷ்டம்? இரண்டாவது இன்ஜெக்டரில் அப்படித்தான் ஒரு மாற்றமும் இல்லை. நாலாவதில் லேசான தடுமாற்றம் மட்டும் இருந்தது.

அடுத்தது ரிட்டர்ன் சோதனை. இன்ஜெக்டருக்குப் போகிற டீசலில் கொஞ்சம் மிச்சமாகி டேங்குக்கே திரும்பி வரும். உள்ளே தேய்ந்துபோன இன்ஜெக்டர் பீய்ச்ச வேண்டியதைப் பீய்ச்சாமல் அளவுக்கு மீறித் திருப்பி அனுப்பும். அதை அளக்கக் கடையில் கருவி விற்கிறார்கள். எனக்குக் காலி குளுக்கோஸ் பாட்டில்களே போதும். இன்ஜெக்டருக்கு ஒன்றாக பாட்டிலைப் பானட்டில் கட்டித் தொங்கவிட்டு, டியூபை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டேன். இரண்டாவது பாட்டில் மற்றவற்றை முந்திக்கொண்டு நிறைந்தது. நாலாவது அதன் பின்னாலேயே வந்தது.

இரண்டு இன்ஜெக்டர் ஒரே நேரத்தில் தேய்ந்தால் நான் இன்ஜெக்டரை மாற்றிவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன். மாற்றினாலும் புதியதும் அதே கதிக்குத்தான் ஆளாகும். தேய்த்தது எது என்று பார்க்க வேண்டும். டீசல் ஃபில்டரைக் கழற்றி ஒரு தட்டில் கவிழ்த்தேன். சேறு வந்தது. நானும் அவனுமாக டேங்கை இறக்கினோம். அடியில் மாவுபோல நைசான மண் படிந்து கிடந்தது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, துணியை விரித்து வெயிலில் வைத்தேன்.

அவன் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் இறுகிப்போயிற்று.

"தானா வந்த மண்ணு இல்ல அண்ணாச்சி. போட்டிருக்கான்."

"யாரு?"

"வேற யாரு, எந்தம்பிதான். டேங்கு மூடிக்குப் பூட்டு இருக்கு. சாவி வீட்டு ஆணியில தொங்குது. வெளியாளு எப்படித் தொறப்பான்?"

அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது என்பதை அவனே சொன்னான். அப்பா போன பிறகு, பொதுக் கிணற்றில் யார் எந்த நேரம் மோட்டார் போடுவது என்று ஆரம்பித்த சண்டை. ஒரே வீட்டில், அம்மா வைக்கிற ஒரே சோற்றைத்தான் ஆளுக்கொரு நேரத்தில் தின்கிறார்கள். தம்பி போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். ஆள் எப்படி, வழக்கு ஏதும் உண்டா என்று விசாரிக்க இன்னும் சில நாளில் போலீஸ்காரர்கள் ஊருக்கு வரப்போகிறார்கள்.

"அவுக வாரதுக்கு முன்ன நான் ஸ்டேஷனுக்குப் போறேன். மலையில வச்சு என்னைக் கொல்லப் பாத்தான்னு எழுதிக் குடுக்கேன். அப்புறம் எப்படிக் காக்கிச் சட்ட போடுதான்னு பாப்போம்."

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கத்துகிறவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பாதி தணிந்துவிடும். இவன் வண்டியின் நோயைச் சொன்ன அதே நிதானத்தில் இதையும் சொன்னான். இந்த மாதிரி வேலைக்குப் பெயர் வந்திருக்கிற பையன்மேல் ஒரு புகார் விழுந்தால் போதும், பிறகு ஆயுசு முழுக்க அலைய வேண்டியதுதான். அண்ணனே எழுதிக் கொடுத்த புகார் என்றால் கேட்கவே வேண்டாம்.

"கொஞ்சம் பொறுவே. நான் முழுசாப் பாத்து முடிக்கேன், அதுக்குப் பொறவு எங்க வேணும்னாலும் போ" என்றேன். கூட வர ஒரு கட்சிக்காரரைக் கூப்பிட வேண்டும் என்று செல்லை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனான்.

துணி காயக் காயத்தான் எனக்கு உறைத்தது. அவன் ஊரில் எங்கே தோண்டினாலும் கரிசல். வீட்டு முற்றத்தில் ஒரு பிடி அள்ளினாலும் கறுப்பாகத்தான் இருக்கும். இது மங்கலான காவி நிறம். விரலில் தேய்த்தால் திருநீறுபோல வழுக்கியது. இந்த ஊரில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்த மண்ணைத் தெரியாமல் இருக்காது. வருகிற வண்டிகளில் பாதிக்கு ஸ்டீயரிங்கிலும் பானட்டிலும் இதைத்தான் பூசியிருப்பார்கள். எங்கள் சங்கரன்கோவில் கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண். தோல் நோய்க்குத் தடவுவார்கள், விஷக்கடிக்குப் பயந்து நெற்றியில் இடுவார்கள், ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்கள்.

தெரிந்த பிறகும் எனக்கு வாய் வரவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். கோவிலுக்கு வருகிற வண்டிகளால்தான் எனக்குச் சோறு. எத்தனையோ பேர் பிரசாதம் என்று நீட்டியதை நானும் கை நீட்டி வாங்கியிருக்கிறேன். இப்போது நான் போய், சாமி மண்ணுதான் உன் வண்டியைக் கெடுத்தது என்று சொன்னால் அது எந்தக் காதில் எப்படி விழும்? பேசாமல் பங்க்கில் போட்ட டீசல் சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் அந்த அம்மா கோவிலிலிருந்து திரும்பிவிட்டார். நெற்றியிலும் தொண்டைக்குழியிலும் அதே மண். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பானட்டில் தொங்கிய பாட்டில்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஐயா, வண்டிக்குக் குளுக்கோசா ஏத்துதிய?"

"ஏத்தலக்கா. அதுலருந்து எடுத்துப் பாக்கேன்."

"நானும் வாராவாரம் அதுக்கு மருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேக்க மாட்டேங்கு. நேத்து மலையில நின்னுட்டாம்லா? அதான் இன்னைக்கு நானே நேர்ல வந்து கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. அவரே பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார்.

"மொதல்ல வண்டி மூஞ்சியிலதான் பூசிக்கிட்டு இருந்தேன். மலையில மழ பெய்யும்லா, ஒவ்வொரு தடவயும் கழுவிட்டுப் போயிருது. மேலுக்குப் பூசினா நிக்கல. நமக்குன்னா ஒரு சிட்டிக வாயில போட்டுக்கிடுவோம். அதுக்கு வாயி இதுதான" என்று கழற்றி வைத்திருந்த டேங்க் மூடியைத் தொட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரலைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மகன் மலையிலிருந்து பத்திரமாக இறங்க வேண்டும் என்று வாரம் தவறாமல் அந்த மூடியைத் திறந்த விரல். ஆனால் ரோட்டில் செல்லைக் காதில் வைத்தபடி மகன் நிற்கிறான். சொல்லாமல் இருக்க நேரம் இல்லை.

"யக்கா, மண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அது உடம்புக்கு உள்ளது. டீசல்ல கலந்தா அது உள்ள போயி எல்லாத்தையும் அராவிரும். இன்ஜெக்டர் ஓட்ட தலைமுடியவிட நைசு. அங்கன மண்ணு போகக் கூடாது."

அவர் மூடியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ எம்பிள்ள மலையில நின்னது என்னாலயா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அதோடு நிறுத்த முடியாது என்பதால் மற்றதையும் சொன்னேன். மூத்தவன் இளையவனைச் சந்தேகப்படுகிறான், ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறான் என்றேன். வேண்டுமானால் பங்க் டீசல் என்று சொல்லிவிடுகிறேன், யாருக்கும் பாதகம் இல்லை என்றும் சொன்னேன்.

"வேண்டாம்யா. அவன் பங்க்ல போயி மல்லுக்கு நிப்பான். தம்பி மேல உள்ள நெனப்பு மனசுல அப்படியே கெடக்கும். நான் சொல்லுதேன்."

மகன் ரோட்டைத் தாண்டி வந்தான். கட்சிக்காரர் ஸ்டேஷன் வாசலுக்கே வருகிறாராம், அம்மாவை பஸ் ஏற்றிவிட்டுத் தான் போவதாகச் சொன்னான். அவர் உட்கார்ந்தபடியே அவனைக் கூப்பிட்டார்.

"ஏலே மக்கா, இங்கன வா. அந்த மண்ணப் போட்டது நாந்தாம்ல."

அவன் நம்பவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. "அவனக் காப்பாத்த நீ சொல்லுத" என்றான். அவர் பொட்டலத்தை நீட்டினார். அவன் ஒரு சிட்டிகை எடுத்து, வெயிலில் காய்ந்த துணியின்மேல் கொண்டுபோய் வைத்தான். வைத்த இடம் எது என்று அப்புறம் எங்களுக்கே தெரியவில்லை. அப்போதும் அவன் விடவில்லை.

"நீ கோயிலுக்கு வந்து எத்தன மாசமாச்சு? முட்டு வலின்னு வாசலத் தாண்டலயே. வாராவாரம் ஒனக்கு இந்த மண்ணு எங்கருந்து வந்துச்சு?"

அவர் பொட்டலத்தை மடக்கினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில் அவன் புதிதாக ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டானே என்று நினைத்தேன்.

"கொண்டாந்து தந்தது ஒந்தம்பிதான்" என்றார் அம்மா. "நீ மலைக்குப் போக ஆரம்பிச்சதுலருந்து நீ திரும்பி வார வரைக்கும் நான் வாசல்லயே உக்காந்திருப்பேன். அவங்கிட்டச் சொல்லி அழுதேன். திங்கக்கெழமன்னா விடியவே கெளம்பிருவான். கும்புட்டு, மண்ணு எடுத்துட்டு வந்து எங்கையில தருவான். அண்ணன் வண்டியில பூசு, நான் கொண்டாந்தேன்னு சொல்லிராதம்பான். சொன்னா நீ தொடைச்சுப் போட்டுருவியாம். டேங்குல போட்டது அவனுக்குத் தெரியாது மக்கா. அது எம்புத்தி."

அவன் செல் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தான். திரும்பவும் அடித்தது, திரும்பவும் அணைத்தான். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. நான் செய்ய வேலை எதுவும் இல்லாமல் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் அம்மா எழுந்து போகவில்லை. அவன் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டி எப்போது தயாராகும் என்று கேட்டான். இன்ஜெக்டர்களைக் கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும், டேங்கையும் பைப்பையும் கழுவ வேண்டும், அவசரப்படுத்தினாலும் இந்த வாரம் முடிவது கஷ்டம் என்றேன். பிழைப்பு போகிறதே என்று சடைவான் என்று எதிர்பார்த்தேன்.

"மெதுவாவே பாருங்க அண்ணாச்சி" என்றான். "தம்பிய விசாரிக்க வரும்போது நான் மலையில கெடந்தா சரியா வராது. எப்படிப்பட்ட பையன்னு மொதல்ல அண்ணங்காரங்கிட்டதான கேப்பாவ. நான் வீட்ல இருக்கணும்."