டீசல் பம்பில் புஷ்பமேரி

நம்மை ஒருவர் தப்பான காரணத்துக்காக நம்பினால், அந்த நம்பிக்கைக்கும் நாம் உண்மையாக இருக்க வேண்டுமா? புஷ்பமேரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

செம்பட்டியில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒன்பது வருடமாக டீசல் போடுகிறவர் அவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நின்று செய்யும் வேலை இனி ஆகாது என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் அந்தோணிமுத்து ஈராக்கில், பாஸ்ரா பக்கம் ஓர் எண்ணெய் வயலில் இருந்தார். அங்குள்ள தொழிலாளர் விடுதியில் பாத்திரம் கழுவினார் என்பதே சரி. கச்சா எண்ணெயை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த விவரம் ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. இந்த நாடு எரிக்கும் எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் கடல் தாண்டி வருகிறது. அந்தக் கடலுக்கு அப்பால் செம்பட்டிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்தோணிமுத்து. அதனால் விலை ஏறினால் புஷ்பமேரியைத்தான் கேட்பார்கள். "ஒன் வீட்டுக்காரரக் கொஞ்சம் பாத்து அனுப்பச் சொல்லு தாயி" என்று கேலியும் உண்டு. அவரும் மறுக்காமல், அடுத்த வாரம் இறங்குமாம் என்று எதையாவது சொல்லிவைப்பார். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

வளைகுடாவில் சண்டை மூண்டு கப்பல்கள் நின்ற வாரம், ஒரு காலையில் முதலாளி பெருமாள்சாமி 'ஸ்டாக் இல்லை' என்ற அட்டையை மாட்டினார். மறுநாள் விலை ஏறும் என்று அவர் எதிர்பார்த்தார்.

"அட்டைய நம்ப மாட்டாய்ங்க புஷ்பம். நீ சொன்னா நம்புவாய்ங்க."

அடுத்த மாதம் முதல் உள்ளே உட்கார்ந்து பில் போடும் வேலை தருவதாகவும் சொன்னார். இரண்டு வருடமாகப் புஷ்பமேரி கேட்டுக்கொண்டிருந்த வேலை அது.

அன்று வரிசையில் நானும் நின்றேன். சற்று முன்புதான் தொட்டிக்குள் அளவுகோலை விட்டு எடுத்தார்கள். பாதிக்கு மேல் டீசலில் நனைந்திருந்தது. பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவே புஷ்பமேரியைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

நாலு ஊர் மல்லிகையை லோடு ஆட்டோவில் ஏற்றி நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகும் மொக்கைச்சாமி வந்தார். மொட்டு விரிவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் விலை.

"அஞ்சு லிட்டரு போதும் தாயி."

"கப்பலே வரலண்ணே."

"ஒன் வீட்டுக்காரரு சொன்னாரா?"

புஷ்பமேரி கையிலிருந்த பம்புக் குழாயைக் கொக்கியில் மாட்டினார். பிறகு, "ராத்திரி போன்ல சொன்னாரு" என்றார்.

"அப்பச் சரி. கப்பலே வரலைன்னா எங்க போயி நின்னாலும் ஒண்ணுதான்."

மற்றவர்கள் சண்டை பிடித்துவிட்டு வேறு பங்குகளுக்குப் போனார்கள். வத்தலக்குண்டு சாலையில் இரண்டு கிலோமீட்டரில் டீசல் கிடைத்தது. அவரை நம்பிய மொக்கைச்சாமி மட்டும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போனார். மதியத்துக்குள் மூட்டைகளில் பூ விரிந்துவிட்டது. வாய்க்கால் கரையில் கொட்டினார்கள்.

மறுநாள் விலை ஒரு பைசாகூட ஏறவில்லை. பம்பு ஓடியது. மொக்கைச்சாமி வந்து டீசலுக்கு முன்னால் கேட்டது இதுதான்:

"அவருக்கு அங்கன ஒண்ணும் ஆகலையே தாயி? அம்புட்டுச் சண்டையாமே. எனக்கு அதே நெனப்பு."

"நல்லாருக்காருண்ணே" என்றார் புஷ்பமேரி. டீசல் போட்டு முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெருமாள்சாமி சொன்ன சொல் தவறவில்லை. ஒன்றாம் தேதி உள்ளே வரச் சொன்னார். புஷ்பமேரி முடியாது என்றுவிட்டார். பில் போட ஐரின் என்ற பெண் வந்தாள். கால் வலியோடு எதற்கு நிற்கிறாய் என்று அந்தோணிமுத்து போனில் கேட்டார், முதலாளி கேட்டார், மொக்கைச்சாமியும் கேட்டார். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு அவர் அதே டீசல் பம்பில் நிற்கிறார். காரணம் யாரிடமும் சொன்னதில்லை.