சரிவில் எழுதிய பக்கம்

என் நோயை முதலில் கண்டவர் கவிதை சொல்லிக்கொடுக்கும் டீச்சர். எங்கள் ஊரான சிலிபினில், அடுத்த தெரு மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில் வயதானவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்ற நான் அறுபத்தேழு வயதில் அங்கே சேர்ந்தேன். நான்காம் மாதம் டீச்சர் என் நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி, போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு மாதிரி ஆகியிருந்தது.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

பழைய வலி என்றேன். பீடோர் பக்கத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் பாலுக்காக ரப்பர் மரப் பட்டையை வெட்டிய கை. வலது தோள் இறுகினால் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் காரணம். வேறு யோசனையே வராது. எட்டு மாதமாக ஒரு மலாய்க்கார அம்மாவிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் அப்படி ஒரு பழைய காரணம் கைவசம் இருந்தால், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

டீச்சர் விடவில்லை. என் மகள் கலாவைக் கூப்பிட்டுப் பேசினார். கலா மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். நரம்பியல் மருத்துவர் என்னை நடக்கச் சொன்னார், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார், சுருள் வட்டம் வரையச் சொன்னார். நடக்கும்போது என் வலது கை வீசவில்லை என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பார்க்கின்சன் (அசைவுக்கு வேண்டிய இரசாயனத்தைச் சுரக்கும் மூளை அணுக்கள் மெல்லக் குறையும் நோய்) என்றார். குணமாகாது, மாத்திரையால் சமாளிக்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். திரும்பும்போது காரில் அழுதேன். கலா ரேடியோவை நிறுத்தினாள்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தோள் இளகியது. எழுத்து மட்டும் சிறுத்தபடியே இருந்தது. அப்போதுதான் வகுப்பில் ஒரு கவிதைத் தொகுப்பு போட முடிவானது. ஆளுக்கு ஒரு பக்கம், அவரவர் கையெழுத்தில். என் அம்மா சாகும்வரை கைநாட்டு வைத்தவர். அந்த ஒரு பக்கம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"நான் எழுதிக் குடுத்துடுறேன்மா. யாருக்குத் தெரியப் போவுது லா," என்றாள் கலா.

"எனக்குத் தெரியும் லா," என்றேன்.

இயன்முறை சிகிச்சையாளர் (பயிற்சியால் உடலை மீட்க உதவுபவர்) தாளில் கோடு போட்டு, பெரிதாக, நிறுத்தி நிறுத்தி எழுதச் சொன்னார். நேர்கோட்டில் எழுதி எழுதி நிறையத் தாளைக் கிழித்தேன். ஒருநாள் எரிச்சலில், ரப்பர் மரத்தில் நேர்கோடு ஏது என்று தோன்றியது. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சரிவாகத்தான் வெட்டு இறங்கும். நேற்றைய வெட்டை ஒட்டி இன்றைய வெட்டு. தாளிலும் அப்படியே சரிவாகக் கோடு போட்டேன். பால் வெட்டும் உளியை இழுப்பதுபோல் பேனாவை இழுத்தேன். எழுத்து சிறுக்கவில்லை. சிகிச்சையாளரிடம் காட்டியபோது, எந்தக் கோடானாலும் கண்ணுக்குப் பிடிமானம் கிடைத்தால் சரி என்றார். எல்லாருக்கும் இது உதவுமா, தெரியாது.

மாத்திரை போட்டு அரைமணி கழித்துத்தான் கை என் பேச்சைக் கேட்கும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி முரண்டு பிடிக்கும். வெயில் ஏறுவதற்குள் மரங்களை வெட்டி முடிக்க ஓடிய அந்த அவசரம் இந்த வயதில் திரும்பி வந்திருக்கிறது. நாலு வரிக் கவிதைக்கு ஐந்து நாள் ஆனது.

தொகுப்பு வந்த அன்று மண்டபத்தில் ஒவ்வொருவராகப் புரட்டி, நான் எழுதிய பக்கத்துக்கு வந்ததும் தலையைச் சாய்த்தார்கள். டீச்சரும் சாய்த்துத்தான் படித்தார். கவிதைக்குக் கீழே அஞ்சலை என்று என் பெயர். 'அ' இருந்த அளவிலேயே 'லை'யும் இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன்.